மறுதலையும் உண்மைதானே என்கிறாள் மகள்

கேள்வி:
மகள் பத்தாம் வகுப்பு. போன வாரத் தேர்வில் ஒரு கேள்வி: "ஒரு நாற்கரம் சதுரம் எனில், அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். இதன் மறுதலையை எழுதுக. அது உண்மையா?" மறுதலை என்றால் கூற்றைத் திருப்பிப் போடுவதாம்; "மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டினால் அந்த நாற்கரம் சதுரம்" என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். உண்மை என்று போட்டதில் 2 மதிப்பெண் போய்விட்டது. "பிதாகரஸ் தேற்றத்தோட மறுதலை மட்டும் எப்படிம்மா உண்மையாகுது?" என்று ராத்திரி பத்து மணிக்குக் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாராவது உதவுங்கள்.

பதில் 1:
நான் கணக்கு டீச்சர். துடைப்பத்தில் இரண்டு ஈர்க்குச்சி உருவி, ஒன்றை 6 செ.மீ., இன்னொன்றை 8 செ.மீ. நறுக்கிக் கொடுங்கள். நடுவோடு நடு சேர்த்து செங்குத்தாக வைத்து, நான்கு முனைகளையும் பென்சிலால் இணைக்கட்டும். நான்கு பக்கமும் 5 செ.மீ. வரும், ஆனால் சதுரம் வராது, சாய்சதுரம். மறுதலை தவறு என்று காட்ட இந்த ஒரு படமே போதும்.

பிதாகரஸ் கதை வேறு. முக்கோணத்தில் செங்கோணம் இருந்தால், இரு சிறு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் (செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம்) வர்க்கம் வரும் என்பது தேற்றம்; வர்க்கங்கள் அப்படி அமைந்தால் செங்கோணம் இருக்கும் என்பது மறுதலை. தேற்றம் உண்மை என்பதால் அதன் மறுதலை தானாக உண்மை ஆகிவிடவில்லை. பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் 47-ஆவதாகத் தேற்றத்தை நிறுவிவிட்டு, மறுதலையை 48-ஆவதாகத் தனியாக நிறுவினார். பக்கங்கள் 3, 4, 5 உள்ள முக்கோணம் ஒன்று இருக்கிறதா? பக்கத்திலேயே 3, 4 பக்கங்களுக்கு நடுவே செங்கோணம் வைத்து இன்னொன்று வரையுங்கள். தேற்றப்படி அதன் கர்ணம் 5. மூன்று பக்கமும் சமம், இரண்டும் சர்வசமம். அப்போ முதல் முக்கோணத்திலும் அது செங்கோணம்தான்.

கேள்வி கேட்டவர்:
ஈர்க்குச்சி வைத்துப் பார்த்தோம் டீச்சர். குச்சியை நகர்த்தி நகர்த்திப் பட்டம் மாதிரிகூட ஒன்று வரைந்துவிட்டாள்! ரொம்ப நன்றி.

பதில் 2:
பட்டமும் சரியான எடுத்துக்காட்டுதான் அக்கா. நான் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறேன். வாணம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டும் முன் முளை அடித்து நூல் கட்டுவோம். ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே டேப் பிடிப்போம். 5 அடி 1 அங்குலம் காட்டினால் மூலை செங்கோணம் இல்லை என்று நூலை மாற்றுவோம். அதற்குத் தேற்றமே போதும்: செங்கோணமாக இருந்திருந்தால் 5 வந்திருக்கும், வரவில்லை. சரியாக 5 வந்து, மூலை சரி என்று வேலையைத் தொடங்குகிறோம் பாருங்கள், அங்கேதான் மறுதலை வேண்டும். டேப் ஒன்றுதான், கூற்று இரண்டு. பெரிய மனையில் 9, 12, 15 அடி வைத்துப் பார்ப்போம். நீளம் கூடக்கூட கோணத்தில் பிசகு குறையும். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் நூல் கட்டும் இடம் எதற்காவது ஒரு காலையில் போய்ப் பாருங்கள்.