டோக்கியோவின் சிறு கடைகளில் உண்டதும் குடித்ததும்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

அசகாயாவில் வசிக்கும் உறுப்பினர்

வேலை நிமித்தம் டோக்கியோவுக்கு வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது நம் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதை. அடுத்துக் கேட்பது பெயர்பெற்ற சூஷிக் கடை எது என்பதை. இரண்டுக்கும் எளிதில் விடை கிடைத்துவிடும். குடியிருக்கும் தெருவிலேயே எட்டுப் பத்து இருக்கைகளுடன் விளக்கெரிந்துகொண்டிருக்கும் கடைகளைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அத்தகைய கடை ஒன்றில் வாடிக்கையாளர் ஆவதைவிட இந்நகரத்தில் நன்றாக உண்ண வேறு வழியில்லை என்று நான் உறுதியாக நம்புவதால், என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் முதலில் நிஷி-கசாயியில் இருந்தேன். 2000 ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள், ஒதேமாச்சி அலுவலகங்களுக்கு ஒரே ரயிலில் போய்விடலாம் என்பதற்காகக் குடியேறத் தொடங்கிய பகுதி அது. புளிக்கும் துவரம் பருப்புக்கும் அங்கே குறைவில்லை. பின்னர், அதே தோசாய் தடத்து ரயில்கள் மேற்கே சென்று சேரும் அசகாயாவுக்கு வீட்டை மாற்றிக்கொண்டேன். நிலையத்தை ஒட்டி ஸ்டார் ரோடு என்றொரு குறுகிய தெரு உண்டு. அதன் இருபுறமும் இஸகாயாக்கள், அதாவது குடியும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் உணவும் சேர்ந்து நடக்கும் கடைகள். வாசலில் நோரென் எனப்படும் துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அறியலாம்; உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன விலை என்பதெல்லாம் பெரும்பாலும் வெளியே தெரியாது. இதனாலேயே வெளிநாட்டவர் பலர் கதவருகே நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஒரு விரலை உயர்த்தி, தனியாள் என்று சொல்லி நுழைந்தால் போதும்.

உட்கார்ந்ததும் கை துடைக்கச் சூடான ஈரத்துண்டு வரும். கூடவே, குடிக்க என்ன வேண்டும் என்ற கேள்வியும் வரும். உணவைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம், பானத்தை மட்டும் உடனே சொல்லிவிட வேண்டும். அதனுடன் நாம் கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணம் உணவு வந்து அமரும். ஓதோஷி எனப்படும் இதற்குப் பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை பில்லில் சேர்ப்பார்கள். புதிதாக வருபவர்கள் இதை ஏமாற்று வேலை என்று எண்ணிக் கோபப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். டிப்ஸ் வைக்கும் வழக்கமே இல்லாத ஊரில், பல மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கான கட்டணம் அது; நியாயமான கட்டணம் என்பதே என் கருத்து. அதோடு, அந்தக் கடைக்காரரின் கைப்பக்குவத்தை அறிந்துகொள்ள ஓதோஷியின் முதல் வாயே போதும்.

ஒரு கோடை மாலையில் என் முன் வந்த ஓதோஷி வெண்டைக்காய். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, மெல்லிய வட்டங்களாக நறுக்கி, சோயா சாறு சில துளிகள் விட்டு, மேலே கத்ஸுவோபுஷி என்ற உலர்மீன் சீவலைத் தூவியிருந்தார்கள். வழவழப்பு போகும்வரை நாம் வெண்டைக்காயை வதக்குகிறோம். இவர்களோ அந்த வழவழப்புக்காகவே அதைத் தேடி உண்கிறார்கள். இதை என் அரைகுறை ஜப்பானிய மொழியில் கடைக்காரரிடம் சொன்னேன். அவரை வாடிக்கையாளர்கள் எல்லாரும் தாய்ஷோ என்றே அழைப்பார்கள். எழுபதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். அன்று மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, எவ்வளவு நேரம் வதக்குவீர்கள், எண்ணெய் எது, மூடி போடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அடுத்த வாரம் நான் போனபோது, உப்பும் மிளகாயும் மஞ்சளும் சேர்த்து நன்றாகச் சுருள வதக்கிய வெண்டைக்காயை என் முன் வைத்துவிட்டு, நான் வாயில் போடும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். மஞ்சள் சற்றுத் தூக்கலாக இருந்தது. மற்றபடி நம் வீட்டுப் பொரியல்தான். அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்கு உணவுப் பட்டியல் தேவைப்பட்டதில்லை.

பருவத்தை உண்பது என்றால் என்னவென்று அங்கேதான் அறிந்தேன். ஏப்ரலில் மூங்கில் குருத்தைச் சோற்றோடு சேர்த்து வேகவைப்பார். கோடையில் பாகற்காயை டோஃபு என்ற சோயாப் பால் கட்டியோடும் முட்டையோடும் ஓகினாவா முறையில் புரட்டித் தருவார். இலையுதிர்காலத்தில் சன்மா மீனைக் குடலோடு முழுதாகச் சுட்டு, துருவிய முள்ளங்கியுடன் வைப்பார். அண்மை ஆண்டுகளில் சன்மா பிடிபடுவது குறைந்து விலை ஏறிவிட்டதால், அது கிடைத்த நாளில் கடைக்குள் ஒரு மகிழ்ச்சி பரவியிருக்கும். முதன்முறை நான் அதை உண்டபோது, பக்கத்து இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், குச்சிகளால் மீனின் முதுகை நெடுக அழுத்திச் சதையைத் தளர்த்தினால் நடுமுள் முழுதாகக் கழன்று வரும் என்று தன் மீனிலேயே செய்து காட்டினார். குடலின் கசப்புதான் அதன் உயிர், அதை ஒதுக்காதீர்கள் என்றும் சொன்னார். சுண்டைக்காயின் கசப்பை விரும்பி உண்பவருக்கு அது புதிதாகவே இராது.

குடிக்கும் முறையும் கற்கத் தக்கது. சக்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து வடிக்கும் ஷோச்சு என்ற மதுவைக் குளிர்காலத்தில் வெந்நீர் கலந்து குடிப்பார்கள். கோப்பையில் முதலில் வெந்நீர், அதன்பின் ஷோச்சு என்பதே முறை, அப்போதுதான் இரண்டும் தாமாகக் கலந்து மணம் எழும். முழுப் பாட்டிலை வாங்கி, பெயர் எழுதிக் கடையிலேயே வைத்துவிட்டு, வரும்போதெல்லாம் சிறிது குடித்துச் செல்லும் வழக்கமும் உண்டு. நான் என் முதல் பாட்டிலை வாங்கிய இரவு, உங்கள் ஊர் எழுத்திலேயே பெயரை எழுதுங்கள் என்று தாய்ஷோ பேனாவை நீட்டினார். இன்று அந்த அலமாரியில் ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே தமிழும் நிற்கிறது. பக்கத்து இருக்கைக்காரர்களுடன் எனக்கு ஏற்பட்ட பேச்சுகளில் பாதி அந்தப் பாட்டிலைப் பார்த்துத் தொடங்கியவைதாம்.

நிஷி-கசாயியில் வசிக்கும் உறுப்பினர்

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் சைவ உணவு உண்பவள் என்பதால் என் வழி சற்று வேறானது. இங்கே இறைச்சியைத் தவிர்ப்பது எளிது. தாஷி என்ற அடிப்படைச் சாற்றைத் தவிர்ப்பதுதான் கடினம். மிசோ சூப், அவித்த காய்கறி, சோபா என்ற நூடுல்ஸைத் தொட்டுண்ணும் சாறு என எதைத் தொட்டாலும் உலர்மீன் அதில் கரைந்திருக்கும். ஆனால் தாஷிக்கு மீன் இன்றியமையாதது அன்று. 1908 இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இகேதா கிகுனாயே உமாமி என்ற சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தது கொன்பு என்ற கடற்பாசியிலிருந்துதான். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலில் இன்றும் கொன்புவும் உலர்ந்த ஷியிதாகே காளானும் சேர்ந்து அந்த ஆழத்தைத் தருகின்றன. ஆகவே, இறைச்சி வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், கொன்பு தாஷியில் ஏதாவது செய்ய இயலுமா என்று கேட்பது என் வழக்கம். முந்தைய நாளே போய், கூட்டம் இல்லாத பிற்பகல் வேளையில், எழுதி வைத்த தாளைக் காட்டிக் கேட்பேன். இயலாது என்றால் வருந்தித் தலைவணங்கிச் சொல்லிவிடுவார்கள். இயலும் என்றால் மறுநாள் கிடைப்பது எனக்கென்றே வைத்த சாறு. அதை உண்ணும்போது ஏற்படும் நன்றியுணர்வை எழுத்தில் கொண்டுவருவது எளிதன்று.

ஆனால் நான் சொல்ல வந்த அனுபவம் ஒரு டோஃபுக் கடையில் நேர்ந்தது. டோஃபு செய்பவர்கள் விடியுமுன்னே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். காலையில் அந்தத் தெருவில் நடந்தாலே வெந்த சோயாவின் மணம் வரும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கடைக்கார அம்மா கையில் ஏந்தி எடுத்துத் தரும் டோஃபுவை உப்பு மட்டும் தொட்டு உண்டு பாருங்கள். பல்பொருள் அங்காடியில் வாங்குவதை மீண்டும் தொட மனம் வராது. பால் பிழிந்தபின் எஞ்சும் சக்கையை ஓகாரா என்பார்கள். அதைப் பை நிறையக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுப்பார். நான் அதில் கடலை மாவு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, வடையாகத் தட்டிப் பொரித்து, சூடு ஆறுமுன் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவரும் மனைவியும் நின்றபடியே உண்டார்கள். இது எங்கள் சக்கையா என்று அந்த அம்மா மறுபடியும் மறுபடியும் கேட்டார். அந்த வாரமே கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, என்னோடு நம் மளிகைக் கடை வரைக்கும் நடந்து வந்தார். இன்று நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

1990களிலிருந்து டோக்கியோவில் வாழும் உறுப்பினர்

இளைஞர்கள் இருவரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் வந்த காலத்தில் இட்லியோ தோசையோ கிடைப்பது அரிது. ஆயினும் இந்நகரத்தில் நம் உணவுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதைப் புதியவர்கள் அறிய வேண்டும். பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி 1915 இல் ஜப்பானுக்கு வந்த விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ், தமக்கு அடைக்கலம் தந்த சோமா குடும்பத்தின் நகமுராயா என்ற கடையில், 1927 இல் இந்திய முறைக் கோழிக் கறியை அறிமுகப்படுத்தினார். ஷிஞ்ஜுகுவில் அது இன்றும் கிடைக்கிறது. அவருடன் இணைந்து விடுதலைக்கு உழைத்த கேரளத்தவரான ஏ. எம். நாயர் கின்ஸாவில் 1949 இல் தொடங்கிய உணவகமும் இன்றுவரை நடக்கிறது.

அந்தக் கின்ஸா கடைக்கு நான் முதன்முறை சென்றபோது அவர்களுடைய முருகி லஞ்சைக் கேட்டேன். மஞ்சள் சோறு, மசித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், எலும்போடு முழுக் கோழிக்கால், அதன்மேல் குழம்பு. பரிமாறியவர் என் கண்முன்னே கரண்டியால் எலும்பைக் கழற்றி எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து உண்ணுங்கள் என்று ஜப்பானிய மொழியில் கேட்டுக்கொண்டார். சோற்றையும் குழம்பையும் பிசைந்து உண்ணத் தயங்கும் மக்களுக்கு, பிசைந்து உண்பதே இன்பம் என்று இத்தனை பத்தாண்டுகளாக ஒவ்வொரு தட்டிலும் சொல்லிக்கொடுத்துவரும் கடை அது. என் அருகே அமர்ந்திருந்த அலுவலகப் பெண்கள் நால்வரும் அப்படியே கலந்து உண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சூஷியைக் கையால் எடுத்து உண்பது இங்கே முழுக்க ஏற்புடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் உட்கார்ந்து நான் கையால் உண்பதைக் கண்ட ஒரு முதிய சூஷிக் கலைஞர், அதற்குப் பிறகு எனக்கான சோற்றை இன்னும் இளக்கமாகப் பிடித்துத் தந்தார். குச்சியில் உதிர்ந்துவிடக்கூடிய அந்த இளக்கம் விரல்களில் உதிராது.

அசகாயாவில் வசிக்கும் உறுப்பினர்

பதிவிட்ட இருவருக்கும் நன்றி. ஓகாரா வடையைப் பற்றித் தாய்ஷோவிடம் கட்டாயம் சொல்வேன்.

ஒன்றைக் குறிப்பிட மறந்துவிட்டேன். 2021 ஏப்ரலில் கொரோனா பரவலால் மூன்றாவது அவசரநிலை அறிவிக்கப்பட்டு, மது பரிமாறும் கடைகளை மூடும்படி நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டபோது, எங்கள் கடை வாசலில் ஒரு மேசை போட்டுச் சாப்பாட்டுப் பெட்டிகள் விற்றார்கள். வாடிக்கையாளர்கள் முறை வைத்துக்கொண்டதைப் போல ஒவ்வொரு நாளும் வந்து வாங்கினோம். கடை பிழைத்தது. ஸ்டார் ரோட்டிலேயே பிழைக்காத கடைகளும் உண்டு. மிகுந்த விலை கொடுத்து, மாதக்கணக்கில் முன்பதிவு செய்து உண்ணும் இடங்களை நான் குறை சொல்லவில்லை; ஆனால் நாம் போவதால் நிலைத்து நிற்கும் கடைகள் இவைதாம்.

தனிச்செய்தியில் கேட்ட நண்பருக்கு: மது அருந்தாதவர் தாராளமாக இஸகாயாவுக்குப் போகலாம், ஊலாங் தேநீர் கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வார நாளில், திறந்தவுடன் போங்கள். தாய்ஷோவுக்குப் பேச நேரம் இருக்கும். ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், உணவைக் குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றாதீர்கள். இரண்டும் இறந்தோர் சடங்கைச் சேர்ந்தவை. பக்கத்தில் இருப்பவரின் கோப்பை காலியானால் நீங்கள் ஊற்றுங்கள், உங்களுடையதை அவர் ஊற்றுவார். எங்கள் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வேறு எந்த நாளில் வருவதானாலும் இருவருக்கு மேல் சேர்ந்து வர வேண்டாம், இடம் போதாது.