காந்தத் துடிப்புக் கருவியும் உடம்பில் கிடக்கும் எறிகணைச் செல் துண்டும்

பரந்தன், மின்சாமான் திருத்துபவர்

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அனுப்பிவிடும் காந்தப் பாய்கள், அதாவது மேலே படுப்பவரின் உடம்புக்குள் காந்தத் துடிப்புகளை அனுப்பும் பாய்கள், இப்போது அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. முழங்கால் வலி, முதுகு வலி, முறிந்து ஒட்டாத எலும்பு என்று காரணம் பல. ஒட்டாத எலும்பு முறிவுக்கு இந்த முறையை அமெரிக்காவில் 1979இல் அனுமதித்தது உண்மை. ஆனால் பெட்டியின் மேல் சர்க்கரை வியாதி முதல் தூக்கமின்மை வரை அச்சடித்திருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு வேலை உள்ளே இருக்கிற சுருளோடு.

கழற்றினால் பெரும்பாலும் ஒரே கதைதான். மெல்லிய கம்பியில் சுற்றிய தட்டைச் சுருள், அதற்கு மின்னை விட்டுவிட்டுக் கொடுக்க மொஸ்பெட் என்ற மின்னணு ஆளி ஒன்று, சுருளுக்குக் குறுக்கே மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஒன்று. சித்திரையில் வந்த ஒரு பாயில் சுருளின் நடுவில் இருந்த ஸ்பொஞ்ச் பழுப்பேறி உருகிப்போயிருந்தது. கம்பி வார்னிஷ் கருகிய மணம். வெப்பத்தை அளக்கத் தேர்மிஸ்டரும் இருந்தது. எங்கே? கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள், பலகையில்! பாய் எரிந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை.

மருத்துவக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601 தரப்படி, பத்து நிமிடத்துக்கு மேல் உடம்பில் பட்டுக்கொண்டிருக்கும் பாகம் 43 பாகையைத் தாண்டக் கூடாது. குளிரூட்டிய அறையில் 25 பாகையில் சோதித்தவருக்கு 18 பாகை இடம் இருக்கிறது. சோளகம் வீசும் ஆடி மாத மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே 35 என்றால் மிஞ்சுவது எட்டு. மேலே ஆள் படுத்திருப்பதால் காற்றுப் போகவும் வழியில்லை.

அடுத்தது எர்த். கூட வரும் அடப்டருக்கு இரண்டு ஊசிப் பிளக். டெஸ்டரை வைத்தால் பெட்டியின் திருகாணியில் மெல்ல எரிகிறது. மடிகணினியைத் தொட்டால் விரலில் குறுகுறுக்குமே, அதே கசிவு. மடிகணினி என்றால் விட்டுவிடலாம். வியர்த்த முதுகோடு அரை மணிநேரம் படுக்கிற பாயில் விட முடியாது; சாதாரண நிலையில் நோயாளியின் உடம்பு வழியாகப் போகும் கசிவு 100 மைக்ரோ அம்பியருக்குள் நிற்க வேண்டும். மூன்று ஊசிப் பிளக்கை மாட்டினாலும் இங்கே பல வீடுகளில் எர்த் கம்பி காய்ந்த மண்ணில் பேருக்குத்தான் நிற்கிறது.

புதுக்குடியிருப்பு

அண்ணை, நீங்கள் சூட்டைச் சொல்கிறீர்கள். என்னுடைய பிரச்சினை வேறு. 2009இல் பட்ட செல் துண்டுகள் இடது தொடையிலும் இடுப்புக்குப் பக்கத்திலும் இன்னும் கிடக்கின்றன. எடுத்தால் நரம்பு போய்விடும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். கனடாவில் இருக்கிற தங்கச்சி ஒரு கருவி அனுப்பினாள். கூட வந்த தாளில் பேஸ்மேக்கர், கர்ப்பம், வலிப்பு எல்லாம் போட்டிருந்தது. உடம்பில் பொருத்திய பிளேட், ஸ்க்ரூ பற்றியும் ஒரு வரி. செல் துண்டு பற்றி ஒன்றுமில்லை. எங்களைப் போன்றவர்களை அந்தத் தாளை எழுதியவர் நினைத்தே பார்க்கவில்லைப் போல. மகன் வேண்டாம் என்று சொல்லி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டான். பாவிக்கலாமா, கூடாதா?

அறிவியல் நகர், பொறியியல் மாணவன்

அக்கா, அது கருவியின் பலத்தைப் பொறுத்தது. காந்தப்புலத்தின் பலத்தை டெஸ்லாவில் அளப்பார்கள். எலும்புக்குப் பாவிக்கும் கருவிகள் ஒரு சில மில்லி டெஸ்லாவுக்குள் இயங்குகின்றன. மூளையைத் தூண்டும் காந்தக் கருவி ஒன்று, இரண்டு டெஸ்லா. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. சில மில்லி டெஸ்லாவில் அரிசி அளவுத் துண்டு இழுபடப் போவதில்லை. ஆனால் வளையத்தை வைத்ததுமே தசை துள்ளுகிற கருவிகளும் விற்கிறார்கள். அவை வேறு சாதி. துண்டுக்குள் சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடேறலாம். இரும்பென்றால் இழுபடவும் செய்யலாம். நரம்புக்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பலத்தைக் கூட்டினால்தான் வேலை செய்யும் என்பதும் சரியில்லை. 1831இல் பரடே கண்டதுதான்: உடம்புக்குள் மின் தூண்டப்படுவது காந்தப்புலம் மாறும் வேகத்தால். 2 மில்லி டெஸ்லா 0.4 மில்லி செக்கனில் ஏறினால், செக்கனுக்கு 5 டெஸ்லா என்ற வேகம். அதே புலம் ஒற்றை டயோட் வழியாக ஆறுதலாக இறங்கும்போது திசுவுக்குப் போவது சொற்பம், சூடு மட்டும் சுருளுக்கு. அண்ணை கண்ட உருகலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தூண்டல் அளவு 1 மில்லி ஹென்றி உள்ள சுருளில் 10 அம்பியர் என்றால் ஒரு துடிப்புக்கு 0.05 ஜூல். செக்கனுக்கு 50 துடிப்பு என்றால் 2.5 வாட். ஒற்றை டயோட்டில் அநேகமாக அவ்வளவும் சுருளிலேயே சூடாகிவிடும். இரண்டு மொஸ்பெட், இரண்டு டயோட் போட்டு, அணைக்கும்போது மின்னோட்டம் மின்னைச் சேமித்து வைக்கும் கொள்ளளவிக்கே (கப்பாசிட்டர்) திரும்பிப் போகச் செய்தால், 24 வோல்ட்டில் அரை ஓம் சுருளுக்குக் கம்பியில் வீணாவது முக்கால் வாட் அளவுதான். இறக்கமும் ஏற்றத்தைப் போலவே செங்குத்தாக வரும்.

முல்லைத்தீவு, பிசியோதெரபி

தாளில் கேள்வி போட்டால் மட்டும் போதாது. உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். எங்கே காயப்பட்டனீங்கள் என்று கேட்டால் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். தழும்பு ஒரு இடம், துண்டு வேறிடம் என்பதும் உண்டு. எக்ஸ்ரே பார்க்காமல் நான் தொடங்குவதில்லை. ரேடியோ அலையால் உடம்புக்குள் சூடேற்றும் ஷோர்ட்வேவ் டயதேர்மி 27.12 மெகாஹேர்ட்ஸில் இயங்குவது; உலோகம் கிடக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. அதையும் இந்தப் பாயையும் ஒன்றென்று நினைத்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அக்கா, எக்ஸ்ரேயையும் கருவியின் பின்பக்கத்தில் போட்டிருக்கிற அளவையும் டொக்டரிடம் காட்டுங்கள். கவுஸ் என்று போட்டிருந்தால், 10 கவுஸ் ஒரு மில்லி டெஸ்லா. அதுவரை அலுமாரிக்கு மேலேயே இருக்கட்டும்.

பரந்தன்

தம்பி, இரண்டு மொஸ்பெட்டில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மொஸ்பெட் செத்தால் பெரும்பாலும் ஷோர்ட்டாகித்தான் சாகும். ஒன்று மட்டும் இருந்தால், நீர் சொன்ன 24 வோல்ட்டும் அரை ஓமும் சேர்ந்து 48 அம்பியரை நிற்காமல் சுருளில் ஓடவிடும். இரண்டில் ஒன்று போனால் மற்றது மறிக்கும். அதற்காகப் பியூஸை விட்டுவிட வேண்டாம். சுருளின் நடுவிலேயே ஒரு வெப்பப் பியூஸும் வேண்டும், மென்பொருளை நம்பாமல் தானாக அறுகிற மாதிரி.

நாமே ஒன்று செய்வதென்றால் மின்னுக்கு 12 வோல்ட் பற்றரியே நல்லது. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் வெட்டிய பிறகு பலர் சோலார் போட்டார்கள், பற்றரி கிடக்கிறது. அதிலிருந்து 24க்கு ஏற்றிக்கொள்ளலாம். சார்ஜர் செருகியிருக்கும்போது சுருள் இயங்காதபடி ஒரு ரிலே போட்டால் மெயின்ஸ் கசிவு நோயாளிக்குப் போக வழியில்லை. பழைய இன்வேர்ட்டர் பலகைகளில் கழற்றிய மொஸ்பெட் என்னிடம் இருக்கிறது. எந்த நம்பர் வேண்டுமென்று சொல்லும்.