உலகச் செய்தி டெஸ்க்கில் வேலை: போகலாமா?

குரோம்பேட்டைவாசி:
இதழியல் முதுகலை முடிக்கப் போகிறேன். ஒரு தமிழ் நாளிதழில் உலகச் செய்திப் பக்கத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உலகமயமாக்கல், வர்த்தகம் பற்றி எழுத ஆசை. ஆனால் செய்தி நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் ஏஜென்சி காப்பியைத் தமிழில் பெயர்ப்பதுதான் அங்கே வேலை என்கிறார் சீனியர் ஒருவர். அப்படியா?

பழைய டெஸ்க்:
பாதி சரி தம்பி. 22 வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். பாஸ்போர்ட்டில் ஒரே முத்திரை. அதுவும் மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போனது. ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி என்று ஏஜென்சி காப்பிதான் நாள் முழுக்க. பக்கம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது எங்கேயாவது பூகம்பம். (ஊர்ப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று அதற்குள் ஒரு சண்டை.)

2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் 544 கோடி யூரோவுக்கு வாங்கப்போகிறது என்று செய்தி. ஆறு வரியில் முடித்தேன். மறுநாள் காலை எங்கள் கீழ்வீட்டுப் பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியவள், பேப்பரை நீட்டி, "சார், அப்போ எங்க ஃபாக்டரி?" என்றாள். என் ஆறு வரியில் ஃபின்லாந்து இருந்தது, அவள் வேலை செய்த நோக்கியா ஆலை இருந்த ஸ்ரீபெரும்புதூர் இல்லை. வரித் தகராறால் அந்த ஆலை மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

அதற்கப்புறம் எந்தக் காப்பி வந்தாலும் 'நம்ம ஊரில் யாருக்கு?' என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். 2021இல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மின்சார ரயில் ஏறி, அவர்கள் கார் ஆலை உள்ள மறைமலை நகர் போய்விட்டேன். டெஸ்க் ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று ஆபீஸில் கேட்டார்கள்.

நடுநிசி ஷிப்ட்:
நியூயார்க் கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. பெரிய செய்தியெல்லாம் ராத்திரிதான். இரண்டு மணிக்கு மேல் வீட்டுக்குப் போக ஆபீஸ் வண்டி உண்டா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பில்லியன் என்றால் நூறு கோடி. நான் ஒருமுறை பத்துக் கோடி என்று போட்டு, மறுநாள் திருத்தம் வெளியிட்டோம்.

குரோம்பேட்டைவாசி:
வண்டி உண்டாம், தாம்பரம் வரை. ஐயா, அந்தப் பெண் இப்போது?

பழைய டெஸ்க்:
சுங்குவார்சத்திரம் பக்கம் வேறொரு போன் ஆலையில் இருக்கிறாள். அமெரிக்கா வரி போடுகிறது என்று டிவியில் ஓடினால் போதும், ஓய்வு பெற்ற எனக்குத்தான் முதல் போன்.