உள்ளான்கள் (சேத்துல இரை தேடுற கரையோரப் பறவைங்க) கிட்டவே வரமாட்டேங்குது, ஓதக் கணக்கு (கடல் தண்ணி ஏறி இறங்குற நேரம்) தெரிஞ்சவங்க சொல்லுங்க

கடலோரச் சரணாலயத்துக்கு மூணு சனிக்கிழமையா காலைல போறேன். கையில 8×42 பைனாகுலர்தான். தூரத்துப் பறவையைப் பெருசாக் காட்டுற ஸ்கோப் இப்போதைக்கு வாங்க முடியாது.

முதல் வாரமும் மூணாவது வாரமும் கடல் வத்தின நேரம். உப்புக்கொத்தி, உள்ளான் எல்லாம் அரை கிலோமீட்டர் தள்ளி, சேத்துல கடுகு சிந்தின மாதிரி கிடந்துச்சு. வெயில் ஏறினா கானல் வேற. உள்ளான்ல எந்த வகைன்னு பிரிச்சுச் சொல்ல காலோட நிறம்தானே முக்கியம், அதுதான் தெரியல. வெயில் முதுகுல படுற மாதிரி இடம் மாறி நின்னும் பாத்தாச்சு.

ரெண்டாவது வாரம் ஓதம் முழுசா ஏறியிருந்துச்சு, ஒரு பறவை இல்ல. ஓதம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும்னு அப்புறம்தான் அட்டவணை பாத்தேன். சேத்துல இறங்கிக் கிட்டப் போனா இரை எடுக்கிறது கலைஞ்சிடும், அது வேண்டாம்.

ஓதம் உச்சிக்கு வர எத்தனை மணி நேரம் முன்னாடி போய் உக்காந்தா, தண்ணி ஏற ஏற பறவைங்க கரைப் பக்கம் வரும்?