கிரேஸிஹவுஸுக்கு ஓப்பனிங் புக் கட்டிய கதை

கிரேஸிஹவுஸ் என்ற செஸ் வகை என்றால் எனக்கு உயிர். வெட்டிய காய் நம் கைக்கு வரும். வேண்டிய நேரத்தில் அதைப் பலகையில் இறக்கிக்கொள்ளலாம். ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் ஆடும் எஞ்சினுக்குக் கொடுக்க நல்ல ஓப்பனிங் புக் (ஆட்டத் தொடக்கத்தில் எந்த நிலையில் எதை ஆடலாம் என்ற தொகுப்பு) தேடினேன், மனதுக்குப் பிடித்தது அமையவில்லை. சரி, நாமே கட்டுவோம் என்று இறங்கிவிட்டேன்.

ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளம் மாதாமாதம் ஒவ்வொரு வகையின் ஆட்டங்களையும் தனித்தனிக் கோப்பாக, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி வெளியிடுகிறது. இருவருக்குமே 2000க்கு மேல் ரேட்டிங் இருந்த ஆட்டங்களைப் பிரித்தெடுத்து, பாலிகிளாட் என்ற புக் கோப்பு வடிவத்தில் போட்டேன். ஒரு பதிவுக்கு 16 பைட்: நிலையின் சாவிக்கு (அந்த நிலையை அடையாளம் காட்டும் எண்) 8, மூவுக்கு 2, எடைக்கு (அந்த மூவுக்கு எவ்வளவு முன்னுரிமை) 2, மிச்சம் 4 கற்றலுக்கு. இறக்கும் மூவுக்குப் புறப்படும் கட்டம் கிடையாதே! புறப்படும் கட்டமும் சேரும் கட்டமும் ஒன்றே என்று எழுதி, ப்ரமோஷனுக்கான 3 பிட்டில் காயின் பெயரை வைத்தேன்.

முதல் ஏழெட்டு மூவ் அருமையாகப் போனது. அப்புறம் ஓர் ஆட்டத்தில், கையில் இல்லாத சிப்பாயை இறக்கச் சொன்னது புக். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. கடைசியில் அந்தச் சாவிக்கு வந்து சேர்ந்த இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பலகை அச்சு அசலாக ஒன்றுதான். வெள்ளைக்கு 8 சிப்பாய், கறுப்புக்கு 7. ஓர் ஆட்டத்தில் காணாமல் போன சிப்பாய் வெள்ளையின் கையில் இருக்கிறது. இன்னொன்றில் வெள்ளையும் ஒரு சிப்பாயை இழந்து, வெட்டிய சிப்பாயை அதே இடத்தில் இறக்கிவிட்டது. மிச்சச் சிப்பாய் கறுப்பின் கையில்.

பாலிகிளாட் சாவி 781 எண்களிலிருந்து உருவாகிறது. காய்களுக்கு 768, காஸ்லிங்குக்கு 4, ஆன் பாஸாண்டுக்கு 8, யார் முறை என்பதற்கு 1. கைக்கு ஒன்றுமே இல்லை. யாரும் எதையும் இறக்காத வரை பலகையில் குறையும் காயை வைத்தே கையில் என்ன என்று சொல்லிவிடலாம், அதனால்தான் ஆரம்பத்தில் பழுது தெரியவில்லை. நிறம், காய், எண்ணிக்கை மூன்றுக்கும் தனி எண்கள் சேர்த்தேன். ப்ரமோஷனில் வந்த ராணிக்கும் ஓர் அடையாளம் வேண்டும், அதை வெட்டினால் கைக்கு வருவது சிப்பாய்தான். முழு புக்கையும் மறுபடி கட்டினேன். அந்தத் தவறு பிறகு வரவேயில்லை.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. மூன்று முறை செக் கொடுத்தால் ஜெயிக்கும் த்ரீ-செக் வகைக்குப் புக் கட்டும்போது நானும் இதில் மாட்டினேன், எத்தனை செக் ஆயிற்று என்பது சாவியில் இல்லை.

ஆனால் என்னை அதிகம் படுத்தியது ஆன்டிசெஸ். எல்லாக் காய்களையும் இழப்பவர் ஜெயிக்கும் ஆட்டம், வெட்ட முடிந்தால் வெட்டியே ஆகவேண்டும். வெற்றிக் கணக்கை வைத்து எடை போட்டதில் புக் சில சமயம் டி3 ஆடியது. கறுப்பு ஜி5 என்றதும் சி1 பிஷப் போய் வெட்டியே ஆகவேண்டும், அதோடு கதை முடிந்தது. எதிராளிகள் தவறவிட்ட ஆட்டங்களெல்லாம் அந்த மூவுக்கு மார்க் போட்டிருந்தன. 2016ல் கணித ஆய்வாளர் மார்க் வாட்கின்ஸ் ஈ3 ஆடினால் வெள்ளைக்கு வெற்றி உறுதி என்று நிரூபித்துவிட்டார். இப்போது வெள்ளைக்கு அந்த ஒரே மூவ்தான் வைத்திருக்கிறேன். கறுப்பின் 20 பதில்களுக்கும் தனித்தனியாக வழி சேர்த்து வருகிறேன். ஆட்டக் கணக்கை இந்த வகையில் நம்பவே மாட்டேன்.

* * *

நான் அட்டாமிக்கில் எஞ்சின்களைச் சோதிக்க புக் கட்டினேன். இந்த வகையில் ஒரு காயை வெட்டினால் வெடிப்பு நிகழ்ந்து, வெட்டிய காயும் சுற்றியுள்ள கட்டங்களில் சிப்பாய் தவிர்த்த காய்களும் போய்விடும். ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வராதிருக்க, முதல் நாலு மூவைக் குலுக்கிப் போட்டேன். பெரும்பாலானவை ஆரம்பத்திலேயே முடிந்த நிலைகள். குதிரை எஃப்3க்குக் கறுப்பு எஃப்6 ஆடாமல் ஏ6 ஆடியது என்று வையுங்கள். குதிரை ஈ5க்கு வரும். அடுத்து எஃப்7, டி7 எதை வெட்டினாலும் ஈ8ல் உள்ள ராஜா வெடிப்பில் போய்விடுவார். இரண்டையும் ஒரே மூவில் தடுக்க வழியில்லை. இப்படிப்பட்ட நிலையில் எந்த எஞ்சின் வெள்ளையாக ஆடினாலும் ஜெயிக்கும், யார் பலசாலி என்று எப்படித் தெரியும்? இப்போது ஒவ்வொரு நிலையையும் எஞ்சினிடம் கொடுத்து மதிப்பிட்டு, ஒரு பக்கம் சாய்ந்ததைத் தூக்கிவிடுகிறேன். மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை இரு நிறத்திலும் மாற்றி மாற்றி ஆடவிடுகிறேன்.