ஃபால்ட் - ‘பெயர்பிளவு’: வகைகளுக்குப் பெயர் விசையிலிருந்தா, நகர்விலிருந்தா?

வணக்கம்.

நிலவியலில் வரும் ஃபால்ட் (fault) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘பிளவு’ என்றாலே போதும் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. பாறை விரிசல் விட்டு, இரு பக்கமும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டால் அது வெறும் பிளவு. ஒரு பக்கம் மற்றதை உரசிக்கொண்டு இடம் மாறினால்தான் ஃபால்ட். ‘பிளவுப் பெயர்ச்சி’ என்ற சொல் இதைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று எழுதவும் ‘பெயர்ச்சி’ வேண்டியிருக்கிறதே! ‘இந்தப் பிளவுப் பெயர்ச்சியின் பெயர்ச்சி 4 மீட்டர்’ என்றா எழுதுவது? அதனால் ‘பெயர்பிளவு’ என்கிறேன். வினைத்தொகை: பெயர்ந்த, பெயர்கிற, பெயரும் பிளவு. ஒருமுறை நகர்ந்த தளம் மறுபடி நகர்வது எளிது என்பதால் மூன்று காலமும் பொருந்துகிறது.

அடுத்து வகைகள். இழுபிளவு, நெரிபிளவு என்று தகைவை, அதாவது பாறையின் பரப்பின்மீது செயல்படும் விசையை (stress), வைத்துப் பெயரிடும் யோசனை மாணவர் நினைவில் நிற்கும், உண்மைதான். ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் மேலிருக்கும் பாறையின் எடையால் அழுத்தம் சுமார் 26 மெகாபாஸ்கல் கூடுகிறது. அங்கே பெரும்பாலும் எல்லாத் திசையிலும் அமுக்கம்தான். எந்தத் திசையில் அதிகம், எதில் குறைவு என்பதே கேள்வி. 1905-இல் ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஆண்டர்சன் இதைத் தெளிவாக்கினார். தரைப்பரப்பில் சறுக்குத் தகைவு, அதாவது பரப்பை ஒட்டியே தள்ளும் தகைவு, கிடையாது. ஆகவே ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முதன்மைத் தகைவுகளில் ஒன்று செங்குத்தாக இருந்தாக வேண்டும். அது மூன்றிலும் பெரியதானால், தளம் 60 பாகை அளவில் சாய்ந்து, மேற்பாறை (சாய்ந்த தளத்துக்கு மேலே இருக்கும் பாறை) கீழே இறங்கும். மூன்றிலும் சிறியதானால், 30 பாகை சாய்வில் மேற்பாறை ஏறும். நடுத்தரமானால் தளம் ஏறக்குறைய செங்குத்தாக நிற்க, இரு பக்கமும் பக்கவாட்டில் நழுவும். முதல் வகைக்கு இழுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, பக்கத்து நெருக்கம் தளர்ந்தாலே போதும். ‘இழுபிளவு’ என்ற பெயர் இதை மறைத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியைப் பாருங்கள். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது அங்கே நிலம் விரிந்து, பெயர்பிளவுகள் உண்டாகி, பாறைத்தொகுதிகள் இறங்கின. இன்றோ இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவோடு முட்டுகிறது. விரிவில் பிறந்த அந்த மண்டலம் நெரிபடுகிறது. 2001 ஜனவரி 26-இல் 7.7 அளவில் அதிர்ந்தபோது பாறை மேலேறித்தான் நகர்ந்தது. விசையை வைத்துப் பெயர் வைத்தால் இதை எந்த வகையில் சேர்ப்பது? ‘பழைய இறங்குபிளவு இப்போது ஏறுபிளவாக நகர்கிறது’ என்று எழுதினால் வரலாறே ஒரு வரியில் வந்துவிடுகிறது. நகர்வைக் களத்திலேயே பார்க்கலாம், அளக்கலாம். தகைவு அதிலிருந்து ஊகிப்பது.

ஆகவே இறங்குபிளவு, ஏறுபிளவு, நழுவுபிளவு. மூன்றுக்கும் பொதுப்பெயர் பெயர்பிளவு. இறங்குபிளவின் ஆங்கிலப் பெயரான நார்மல் ஃபால்ட் என்பதை ‘இயல்புப் பிளவு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விட்டுவிடலாம். மற்றவை இயல்பில்லாதவையா என்ன?

நழுவுபிளவில் திசையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்க்கும்போது அது வலப்புறம் போனால் வலநழுவு, இடப்புறம் போனால் இடநழுவு. எந்தப் பக்கம் நின்றாலும் விடை ஒன்றுதான். கலிஃபோர்னியாவின் சான் ஆன்ட்ரியாஸ் வலநழுவு. 2023 பிப்ரவரியில் துருக்கியை உலுக்கிய கிழக்கு அனத்தோலியப் பெயர்பிளவு இடநழுவு. இறங்கிக்கொண்டே பக்கவாட்டிலும் போவதை ‘இறங்குநழுவு’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

சாய்ந்த தளத்துக்கு மேலுள்ள பக்கமான ஹேங்கிங் வாலுக்குத் ‘தொங்குசுவர்’ வேண்டாம் என்பது என் கருத்து. சுரங்கத் தொழிலாளி விளக்கை மாட்டிய பக்கம் அது, நின்ற பக்கம் ஃபுட்வால். அந்தக் காட்சி தெரியாதவருக்குத் தொங்குசுவர் எதையும் சொல்லாது. மேற்பாறை, அடிப்பாறை என்றே வைப்போம். தாழ்ந்த சாய்வுள்ள ஏறுபிளவான திரஸ்ட்டுக்கு மட்டும் ‘உந்துபிளவு’ என்று தனிப்பெயர் வேண்டுமா, ‘தாழ்சாய்வு ஏறுபிளவு’ போதுமா? இதில் உங்கள் கருத்தை எழுதுங்கள்.