புதுப்பிப்பு: ஃபீச்சர் கிளையில் டோக்கன் காலியாக வந்த சிக்கல்

கிட்லேப் பைப்லைனில் (கோடைச் சோதித்து வெளியிடும் தானியங்கி வரிசை) மெயின் கிளையில் ஒழுங்காக ஓடும் டிப்ளாய் ஜாப், ஃபீச்சர் கிளையில் மட்டும் டோக்கன் (டிப்ளாய் செய்ய அனுமதி தரும் ரகசியச் சாவி) இல்லையென்று விழுகிறது, ரன்னரை (ஜாப்பை ஓட்டும் நிரலை) மாற்றியும் பலனில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ரன்னருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டோக்கனைச் சேமித்திருந்த கிட்லேப் வேரியபிளில் 'புரொடெக்டட்' டிக் போட்டிருந்தது. அப்படியிருந்தால் புரொடெக்டட் (குறிப்பிட்டவர்கள் மட்டும் மாற்றக்கூடிய) கிளையிலோ கிட் டேகிலோ ஓடும் பைப்லைனுக்குத்தான் மதிப்பு போகும். மற்றவற்றில் அதைப் பற்றி கிட்லேப் எரர் எதுவும் காட்டாது, மதிப்பு வெறுமையாக இருக்கும். ஆளை அலைக்கழிப்பது அதுதான்.

டிக்கை எடுத்துவிடச் சிலர் சொன்னீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புரொடக்‌ஷன் டோக்கன் எல்லாக் கிளைக்கும் போனால், புஷ் உரிமை உள்ள எவரும் பைப்லைனை வரையறுக்கும் யாமல் கோப்பில் ஒரு வரி சேர்த்து அதை வெளியே எடுத்துவிடலாம். 'மாஸ்க்' போட்டால் போதாதா என்றால், போதாது. லாகில் (ஜாப்பின் பதிவில்) அந்த மதிப்பை அப்படியே அச்சிட்டால்தான் மறைக்கும். பேஸ்64 ஆக்கி (எளிதில் திருப்பி எடுக்கக்கூடிய வேறு எழுத்து வடிவமாக்கி) எக்கோ செய்தால் வந்துவிடும்.

அதனால் ஸ்டேஜிங்குக்கு (சோதனைச் சூழலுக்கு) உரிமை குறைந்த தனி டோக்கன், அதே பெயரில், என்விரான்மென்ட் ஸ்கோப்பை (எந்தச் சூழலுக்கு அந்த மதிப்பு என்பதை) மட்டும் மாற்றி, புரொடெக்டட் டிக் இல்லாமல். ஜாப்பிலும் என்விரான்மென்ட் பெயரைக் குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் ஸ்கோப் பொருந்தாது.

இன்னொரு ஜாப் ஓடாமல் பெண்டிங்கில் நின்றது தனிக் கதை: அதில் ரன்னர் டேக் (எந்த ரன்னர் ஓட்ட வேண்டும் என்று காட்டும் பெயர், கிட் டேக் அல்ல) இல்லை, ரன்னரில் 'ரன் அன்டேக்டு ஜாப்ஸ்' (டேக் இல்லாத ஜாப்பையும் ஓட்டு) ஆஃபில் இருந்தது. ஜாப்புக்கு ரன்னரின் டேக்கைக் கொடுத்ததும் ஓடிவிட்டது.